‘ஃபுளூவன்ட்லி’: ஓடும் நீரிலிருந்து வந்த சொல்

மூன்று மாதத்தில் ஆங்கிலத்தை ‘ஃபுளூவன்ட்லி’ பேசலாம் என்று வகுப்புக்கு அழைக்கும் துண்டுப்பிரசுரங்களை நாம் எல்லோரும் கையில் வாங்கியிருக்கிறோம். பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்தால் அங்கும் அதே சொல் நிற்கிறது. கல்யாணப் பேச்சில்கூட, “பிள்ளை நல்ல ஃபுளூவன்ட்டா இங்கிலிஷ் கதைக்கும்” என்பது ஒரு தகைமையாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு கனமான சொல்லுக்கு என்ன பொருள் என்று உயர்தர வகுப்புத் தோழிகள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி, “வேகமாகக் கதைக்கிறது” என்றாள். இன்னொருத்தி, “பிழை விடாமல் கதைக்கிறது” என்றாள். மூன்றாமவள், “வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்கிறது” என்றாள்.

வேகம், பிழையின்மை, வெள்ளைக்காரர் உச்சரிப்பு ஆகிய மூன்றில் எதுவும் அந்தச் சொல்லின் பிறப்பில் இல்லை. இல்லாத பொருள்களை நாமே அதற்குள் வைத்துவிட்டு, பிறகு அவற்றுக்குப் பயந்து வாய்மூடி இருக்கிறோம். மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்த ஒரு மாணவி, நேர்முகப் பரீட்சையில் தன் பெயரைச் சொன்ன பிறகு அடுத்த வசனம் வராமல் தலைகுனிந்து நிற்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஆகவே, இந்தச் சொல் எங்கே பிறந்தது, அதன் உறவுக்காரச் சொற்கள் எவை, நமது மொழியில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

‘ஃபுளூவன்ட்லி’ என்பதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முதலாவது ‘ஃபுளூவன்ட்’. இது இலத்தீன் மொழியில் ‘ஓடுதல், ஒழுகுதல்’ எனப் பொருள்படும் ‘ஃபுளூவெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘ஓடிக்கொண்டிருக்கின்ற’ என்பதே அதன் நேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பேச்சை நீரோட்டமாகக் காண்பது அதைவிட மிகப் பழைய வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் பேச்சாளர் சிசரோ, அரிஸ்டாட்டிலின் சொல்நடையைப் பொன் ஓடும் ஓர் ஆறாகவே வருணித்திருக்கிறார்.

இரண்டாவது துண்டு ‘லி’. ஒரு பெயரடையின் பின்னால் ஒட்டி அதை வினையடையாக மாற்றுவது இதன் வேலை. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ‘உடல், உருவம்’ என்பது பொருள். ‘போல’ என்று பொருள்தரும் ‘லைக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மூலத்தில் பிறந்ததுதான். ஆகவே ‘ஃபுளூவன்ட்லி’ என்றால், அதன் எலும்பு வரைக்கும் போய்ப் பார்த்தால், ‘ஓடும் நீரின் உருவில்’ என்று ஆகும். தமிழில் இந்த வேலையைச் செய்வது ‘ஆக’ என்ற சொல். சரளம் என்ற பெயரோடு ‘ஆக’ சேர்ந்து ‘சரளமாக’ என்று வருகிறது. ஆங்கிலம் வினையடையை ஓர் உடலிலிருந்து செய்துகொண்டது. தமிழோ ‘ஆகு’ என்ற வினையிலிருந்து செய்துகொண்டது. பொருளாதாரமும் புவியியலும் படிக்கும் தோழிகள் இந்த இடத்தில் கொட்டாவி விடலாம். ஆனால் தமிழ் பாடம் எடுப்பவர்கள் வினையடையைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு சொல்லின் குணத்தை அறிய அதன் உடன்பிறப்புகளைப் பார்ப்பது நல்ல வழி. திரவத்தைக் குறிக்கும் ‘ஃபுளூயிட்’ இதன் சகோதரி. செல்வச் செழிப்பைக் குறிக்கும் ‘அஃபுளூவன்ட்’ என்பதும் அதே வீட்டுப் பிள்ளை. வளம் தன்னை நோக்கி ஓடி வருகிறது என்பது அதன் கருத்து. செல்வாக்கைக் குறிக்கும் ‘இன்ஃபுளுவன்ஸ்’ என்பது உள்ளே ஒழுகுவது. நட்சத்திரங்களிலிருந்து ஏதோவொன்று மனிதருக்குள் ஒழுகி நோயை உண்டாக்குவதாக அந்தக்காலத்தில் நம்பினார்கள். அதனால் இத்தாலியில் ஒரு காய்ச்சலுக்கு ‘இன்ஃபுளுவென்ஸா’ என்று பெயர் வந்தது. 1743இல் அங்கு அந்நோய் பரவியபோது பெயர் ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. தேவைக்கு மிஞ்சியதைச் சொல்லும் ‘சுப்பர்ஃபுளூவஸ்’ என்பதற்கு ‘மேலால் வழிவது’ என்று பொருள். வன்னியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளம் நிறைந்து வான் பாய்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஓடுதல் என்று பொருள்படும் ‘ஃபுளோ’ என்ற ஆங்கிலச் சொல், ஓசையிலும் பொருளிலும் இவ்வளவு ஒத்திருந்தும், ‘ஃபுளூவன்ட்’ குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது வேறு மூலத்திலிருந்து, ஜேர்மானிய மொழிகளின் வழியாக வந்தது. முகம் ஒத்திருப்பதால் மட்டும் இருவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

வழுக்கும் பேச்சும் உருளும் பேச்சும்

தடையில்லாத பேச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் இது ஒன்றே ஒன்று இருப்பதாக நினைக்கக் கூடாது. ‘வொலுபிளி’ என்று ஒரு சொல் இருக்கிறது. இலத்தீனில் ‘உருளுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. நிறுத்தாமல் உருண்டுகொண்டே போகும் நீண்ட பேச்சுக்கு அது பெயர். ‘கிளிப்ளி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. நமது ஊரின் பெயரில் உள்ள கிளிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளையை அது நினைவூட்டினாலும். ‘வழுக்குகின்ற’ என்ற பொருளுடைய பழைய ஜேர்மானியச் சொற்களோடு உறவுடையது அது. நாக்கில் எண்ணெய் தடவியதுபோலத் தடையின்றி, ஆனால் உள்ளத்தில் இல்லாததைப் பேசுவதற்கு அந்தச் சொல் பயன்படுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில், தந்தையிடம் சொத்துப் பெறுவதற்காக மூத்த மகள்மார் இருவரும் அன்பை வாரி இறைத்துப் பேசுகிறார்கள். இளையவள் கோடேலியா மிகக் கொஞ்சமே பேசுகிறாள். அந்த எண்ணெய்ப் பேச்சுக் கலை தன்னிடம் இல்லை என்று சொல்லும்போது அவள் ‘கிளிப்’ என்ற சொல்லையே எடுத்தாளுகிறாள். தந்தையின் நாடு மூத்தவர்களுக்குப் போகிறது. உண்மையான அன்பு யாரிடம் இருந்தது என்பது பிறகுதான் மன்னனுக்கு விளங்குகிறது.

ஆக, ஆங்கிலேயரே தடையில்லாத பேச்சு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஓடுவதற்கு ஒரு சொல், உருளுவதற்கு ஒரு சொல், வழுக்குவதற்கு ஒரு சொல் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுச் சொற்கள்

இப்போது தமிழுக்கு வருவோம். நாம் சாதாரணமாக எழுதும் ‘சரளமாக’ என்பது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘சரள’ என்றால் நேரானது, கோணல் இல்லாதது, கபடம் இல்லாதது. நேராக வளரும் தேவதாரு இன மரமொன்றுக்கும் அதே பெயர் உண்டு. ஓடுதல், செல்லுதல் என்று பொருள்படும் ஒரு வினையடியிலிருந்து அச்சொல் வந்ததாக அகராதி காட்டுகிறது. ஆற்றைக் குறிக்கும் ‘சரித்’ என்ற வடசொல்லும் அதே அடியில் பிறந்தது. நமது அயல்மொழியான சிங்களத்தில் ‘சத்துர’ என்கிறார்கள். திறமையோடு என்பது பொருள். தமிழில் ‘வாக்குச் சாதுரியம்’ என்கிறோமே, அந்தச் சாதுரியமும் சிங்களத்தின் அந்தச் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.

ஆனால் தமிழுக்கென்றே உள்ள சொல் ‘ஒழுகு’ என்பது. நீர் ஒழுகும், கூரை ஒழுகும். மனிதரும் ஒழுகுவர், அதிலிருந்துதான் ‘ஒழுக்கம்’ வருகிறது. நீரின் ஓட்டத்துக்கும் மனிதரின் நடத்தைக்கும் ஒரே வினையைத் தமிழ் வைத்திருக்கிறது. தனக்குரிய வழியை விட்டு விலகாமல் செல்வது இரண்டுக்கும் பொதுவான குணம். ‘ஃபுளூவன்ட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல்லைத் தேடினால் ‘ஒழுகுகின்ற’ என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்கிறார். செய்யுளின் ஓசை நடக்கும் விதங்கள் அவை. அவற்றில் ஒழுகு வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்று மூன்று தனித்தனியாக இருக்கின்றன. ஒழுகு வண்ணம் நீரோட்டம் போன்ற ஓசையுடையது. உருட்டு வண்ணம் உருண்டு செல்வது. முடுகு வண்ணம் அடி எங்கே முடிகிறது என்று தெரியாதபடி எல்லை கடந்து விரைவது. ஒழுகுவது வேறு, விரைவது வேறு என்று தமிழ் இலக்கணம் எப்போதோ பிரித்துவிட்டது. ‘ஃபுளூவன்ட்’ என்றால் வேகம் என்று சொன்ன என் தோழிக்குத் தொல்காப்பியமே பதில் சொல்லிவிடுகிறது. இன்னும் ஒன்று: அதே பட்டியலில் அகைப்பு வண்ணம் என்றும் ஒன்று உண்டு. விட்டு விட்டு, துண்டு துண்டாக நடக்கும் ஓசை அது. அதையும் ஒரு குறையாக ஒதுக்காமல் ஓசையின் ஓர் அழகாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள். (ஆங்கிலத்தின் ‘வொலுபிளி’யும் தமிழின் உருட்டும் ஒரே உவமையில் பிறந்தவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்றைய இளைஞர் பேச்சில் ‘உருட்டு’ என்றால் என்ன பொருள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.)

திருக்குறளில் 65ஆவது அதிகாரம் சொல்வன்மை. சொல்லும் ஆற்றல் உடையவராய், சோர்வில்லாதவராய், அஞ்சாதவராய் இருப்பவரை வெல்வது அரிது என்பது அதில் ஒரு குறளின் கருத்து. மூன்றில் ஒன்று அஞ்சாமை என்பதைப் பாருங்கள். வேறொரு குறளோ, குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார்கள் என்கிறது. நீளமாகப் பேசுவதை வள்ளுவர் சொல்வன்மையாகக் கணக்கெடுக்கவில்லை.

இரணைமடுவும் ஓர் உவமையும்

தடையின்றிப் பேசுபவரைப் பார்த்து, “மடை திறந்த வெள்ளம்போல் பேசினார்” என்பது தமிழர் வழக்கு. மேடைப் பேச்சுக்கு நன்றி கூறுபவர்கள் அனைவரும் இந்த உவமையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியதால் இதில் உள்ள மடையை நாம் மறந்துவிட்டோம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை மறப்பது சரியில்லை.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் வட மாகாணத்திலேயே பெரியது. 1902இல் வேலை தொடங்கி, 1920ஆம் ஆண்டளவில் கட்டிமுடிக்கப்பட்டது. மாரி மழையில் நிறையும் அந்தக் குளத்தின் நீர், மடை திறக்கப்பட்டதும் இடது கரை, வலது கரை வாய்க்கால்கள் வழியாக ஓடி, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, வயல் வரம்புகளுக்குள் போய்ச் சேருகிறது. சிறுபோகத்துக்கு எவ்வளவு காணிக்கு நீர் கொடுக்கலாம் என்பதைக் குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். குளத்தில் நீர் இல்லாத வருடத்தில் மடையைத் திறந்து வைத்து என்ன பயன்?

2018 டிசம்பரில் இதே குளத்தின் வான் கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. ஒரே இரவில் கொட்டிய மழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் பரவி, குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கின. அதுவும் நீர்தான், அதுவும் தடையின்றித்தான் ஓடியது. ஆனால் அதைப் பார்த்து யாரும் ஒரு பேச்சாளரைப் புகழவில்லை. உவமையில் மடை என்ற சொல் எதற்காக இருக்கிறது என்பது இப்போது விளங்கும். முதலில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பிறகு வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். திறந்தது வாய்க்கால் வழியே போய் ஒரு வயலில் சேர வேண்டும். பேச்சுக்கு வயல் என்பது கேட்பவரின் மனம். அங்கே போய்ச் சேராத பேச்சு எவ்வளவு வேகமாக ஓடினாலும் வான் பாய்ந்த நீர்தான்.

ஓதும்போது நாம் அறிந்த பாடம்

குர்ஆன் மதரஸாவில் நாம் படித்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அரபு மொழியில் தெளிவான பேச்சை ‘ஃபஸாஹத்’ என்பார்கள். அதன் மூலப்பொருள் பாலோடு தொடர்புடையது. நுரை நீங்கித் தெளிந்த பாலைக் குறித்த சொல்லே, பின்னர் கலப்பில்லாத தெளிந்த பேச்சைக் குறித்தது. மொழியைத் தடையின்றிப் பேசுவதை இன்றைய அரபியில் ‘தலாகத்’ என்கிறார்கள். விடுவித்தல், அவிழ்த்தல் என்பது அதன் வேர். நாம் எல்லோரும் அறிந்த ‘தலாக்’ என்ற சொல்லும் அதே மூன்றெழுத்து வேரில் பிறந்ததே. கட்டு அவிழ்ந்த நாக்கு என்பது அரபியின் உவமை.

மூஸா (அலை) அவர்களின் பிரார்த்தனை நமக்குத் தெரியும். பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, தம் நாவில் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடும்படி அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டார்கள். மக்கள் தம் பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தம்மைவிட நாவன்மை உடையவரான சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள். பரீட்சைக்குப் போகும் முன் இந்த துஆவை ஓதும் நாம், அதில் உள்ள காரணத்தைக் கவனிக்க வேண்டும். கேட்டது விளங்கவைக்கும் பேச்சு. அந்தப் பெரிய பொறுப்பும் நாவில் முடிச்சு இருந்தவருக்கே கொடுக்கப்பட்டது.

ஓதலிலும் அப்படித்தான். தஜ்வீத் சட்டத்தில் ‘வக்ஃப்’ என்ற நிறுத்தம் ஒரு பாடமாகவே இருக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்பவரே நன்றாக ஓதுபவர். குர்ஆனைத் திறமையாக ஓதுபவருக்குக் கண்ணியமான வானவர்களோடு இருக்கும் சிறப்பு உண்டு என்றும், சிரமத்தோடு தட்டுத்தடுமாறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இறைவனின் வார்த்தையிலேயே தடுமாறுபவரின் முயற்சிக்கு இந்த மதிப்பு இருக்கும்போது, ஓர் ஆங்கில வசனத்தில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துப் பின்வாங்கில் இருந்து சிரிப்பதற்கு நமக்கு எங்கிருந்து துணிவு வருகிறது?

வாளா, வாய்க்காலா?

இலங்கையில் ஆங்கிலத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். கடுவ என்றால் வாள். கிராமத்திலிருந்து வந்த பிள்ளையை வெட்டி ஒதுக்கும் ஆயுதமாக அவர்களுக்கு அது தெரிந்தது. தமிழில் ‘நுனிநாக்கு ஆங்கிலம்’ என்று நாம் சொல்வதிலும் பாதி வியப்பும் பாதி வெறுப்பும் கலந்திருக்கிறது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், தமிழையும் அரசகரும மொழியாக்கிய அதே இடத்தில், ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று சொல்கிறது. இணைப்பு என்பது வாய்க்கால் செய்யும் வேலை. அதை வாளாக வைத்திருப்பதா வாய்க்காலாக ஆக்கிக்கொள்வதா என்பது பெரும்பாலும் அதைப் பேசுகிறவர்களையும், பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் பொறுத்தது.

என் உம்மாவின் சிங்களத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மா சிறு பிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, கடைகளிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டே சிங்களத்தைப் பிடித்துக்கொண்டார். எழுதத் தெரியாது. இலக்கணம் பார்ப்பவருக்கு வசனத்துக்கு ஒரு பிழை கிடைக்கும். இடையில் ஒரு சொல் வராவிட்டால் கையால் காட்டுவார், அல்லது தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வார். ஆனால் வைத்தியசாலையிலோ கச்சேரியிலோ உம்மா போன காரியம் முடியாமல் திரும்பியதில்லை. அயலவர் சிலர் தங்கள் காரியத்துக்கும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். “எனக்கென்ன சிங்களம் தெரியும்?” என்று உம்மா சொல்வார். ‘ஃபுளூவன்ட்’ என்ற சொல்லின் மூலப்பொருளை வைத்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் நூறு இலக்கணப் பயிற்சி செய்துவிட்டு வாய்திறக்காத எங்களைவிட உம்மாவுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். கருத்து ஓடுகிறது, போய்ச் சேருகிறது.

இதற்காக இலக்கணமும் உச்சரிப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை தனித்தனியான திறன்கள் என்பதையே சொல்கிறேன். வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எழுதும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சையின் பேச்சுப் பகுதியைப் பாருங்கள். அங்கே நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: ஓட்டமும் தொடர்பும் ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணத்தின் விரிவும் சரியும் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. நான்குக்கும் சம நிறை. ஓட்டத்தைத் தனியாக வைக்காமல் ‘தொடர்பு’ என்பதோடு சேர்த்துக் கட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு கருத்து அடுத்த கருத்தோடு ஒட்டி வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஓட்டம் எப்படி வரும்?

குளத்தைப் பற்றிச் சொன்னதே இதற்கும் வழி காட்டுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழிக்கல்விப் பேராசிரியர் போல் நேஷன், பேச்சோட்டத்துக்கான பயிற்சியில் புதிய சொல்லோ புதிய இலக்கணமோ இருக்கக் கூடாது என்று எழுதுகிறார். ஏற்கெனவே தெரிந்ததைத் தடையின்றி எடுக்கப் பழகுவதே அந்தப் பயிற்சி. ஒரு மொழிப் பாடநெறியின் நேரத்தில் நான்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. நாமோ நான்கு பங்கையும் குளத்தை நிரப்புவதிலேயே செலவழிக்கிறோம். மடையை ஒருநாளும் திறப்பதில்லை. பூட்டியே கிடக்கும் கதவு துருப்பிடிக்கும்.

அவர் பரவலாக அறிமுகப்படுத்திய ஒரு பயிற்சி வகுப்பிலும் வீட்டிலும் செய்யக்கூடியது. நன்கு தெரிந்த ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நோன்புப் பெருநாள் காலை, நெல் அறுவடை, உம்மா கறி சமைக்கும் விதம், எதுவாகவும் இருக்கலாம். அதை ஒரு தோழிக்கு 4 நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பிறகு அதையே இன்னொரு தோழிக்கு 3 நிமிடத்தில் சொல்லுங்கள். மூன்றாவது தோழிக்கு 2 நிமிடத்தில் சொல்லுங்கள். விடயம் ஒன்றே. ஆள் மட்டும் மாறும். முதல் தடவை தேடிய சொல் மூன்றாம் தடவை தானாக வரும். இதற்குக் காசு தேவையில்லை, மூன்று தோழிகள் போதும். கேட்பவர்கள் இடையில் பிழை திருத்தக் கூடாது என்பது மட்டும் விதி.

இரண்டாவது, நிறுத்தத்தைப் பற்றிய பயத்தை விட வேண்டும். தாய்மொழியில் நாம் பேசும்போதும் நிறுத்துகிறோம். “அது வந்து…”, “என்னெண்டால்…” என்று இழுக்கிறோம். யாரும் அதைத் தமிழ் தெரியாமை என்று சொல்வதில்லை. நன்றாகப் பேசுபவர் ஒரு கருத்து முடியும் இடத்தில் நிற்பார். பழகாதவர் சொல்லுக்குச் சொல் நடுவில் நிற்பார். எனவே தனிச்சொற்களைப் பாடமாக்குவதைவிடச் சிறு சொற்றொடர்களாகப் பழகினால், நிற்கும் இடம் தானாகச் சரிப்படும். ஓதலில் வக்ஃப் பழகியதுபோலத்தான் இதுவும்.

மூன்றாவது விடயம் பெற்றோருக்கானது. பிள்ளையை வகுப்புக்கு அனுப்புகிறீர்கள், காசும் கட்டுகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும், “இங்கிலிஷில் ஏதாவது கதைச்சுக் காட்டு பாப்பம்” என்று விருந்தினர் முன் நிறுத்தாதீர்கள். அது மடையைத் திறப்பதாகாது; மடையின் மேல் ஏறி நிற்பதாகும். அதற்குப் பதிலாக, இன்று என்ன படித்தாய் என்று தமிழிலேயே கேளுங்கள்; முடிவு வரை கேளுங்கள். தமிழில் ஒரு கருத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, இன்னொரு மொழியில் அதைச் சொல்ல வாய்க்கால் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். “பொம்பிளப் பிள்ளை வாய் காட்டாதே” என்று பத்து வருடம் அடக்கி வளர்த்துவிட்டு, நேர்முகப் பரீட்சை அன்று மட்டும் அவள் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்பதையும் அன்போடு கேட்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித் தந்தவர்களும் நீங்கள்தானே.

தோழிகளுக்கு ஒன்று. அடுத்த முறை யாராவது ‘ஃபுளூவன்ட்லி’ என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆறு ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆறு கோடையில் பல இடங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. மழை விழுந்ததும் முதலில் ஒரு கோடு போல, பிறகு குட்டை குட்டையாக, இடையிடையே தேங்கி, கல்லைச் சுற்றி வளைந்து, அப்படியே வந்துதான் குளத்தை நிரப்புகிறது. தேங்கி நின்ற இடங்களைப் பார்த்து அதை ஆறு இல்லை என்று நாம் சொல்வதில்லை.